எல்லைப்புறப் பெயர்ப்பலகைகளும் வரைகலை வடிவமைப்புக் கோட்பாடு பயிற்றலும்: ஓசூர்ப் பகுதியை முன்வைத்து

இளநிலை வரைகலை வடிவமைப்பு மாணாக்கர் செய்முறை வகுப்பில் காட்டும் ஈடுபாட்டைக் கோட்பாட்டு வகுப்பில் காட்டுவதில்லை என்பது ஆசிரியர் பலரும் கூறும் குறை. கோட்பாடு அவர்களிடம் தேர்வுக்கு ஒப்பிக்கும் வரையறைகளாகவே வந்து சேர்வது இதற்கொரு காரணமாகும். இந்திய வடிவமைப்புக் கல்வியின் தொடக்கமோ இதற்கு நேர்மாறானது. 1958இல் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் இணையர் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கை, சொம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு வினாக்களையே அடுக்கியது: எவ்வளவு நீர் கொள்ளும், இடுப்பிலும் தலையிலும் எவ்வாறு அமரும், பயன் முடிந்தபின் அதன் உலோகம் என்ன விலை பெறும்? அவ்வறிக்கையின் விளைவாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது.

தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒருங்கே புழங்கும் ஓசூர்ப் பகுதியில் அச்சொம்பின் இடத்தில் வைக்கத்தக்கது கடைப் பெயர்ப்பலகை. 1948ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் விதிகளின்படி பலகையில் தமிழே முதன்மை பெறவேண்டும்; தமிழ், ஆங்கிலம், பிறமொழி ஆகியவற்றுக்கு 5:3:2 என்னும் விகிதம் வலியுறுத்தப்படுகிறது. ஜூஜூவாடியைக் கடந்து அத்திப்பள்ளியை அடைந்தால் நிலை வேறு. 2024இல் திருத்தப்பட்ட கர்நாடகச் சட்டம் கன்னடத்துக்கு 60 விழுக்காடும் பலகையின் மேற்பாதியும் கேட்கிறது.

காட்சிப் படிநிலை என்னும் கருத்தை விளக்க இதனினும் நல்ல பாடம் கிடைப்பதரிது. 5:3 என்பது எதன் அளவு? எழுத்தின் உயரத்தை அவ்வாறு வைத்தால், ஒத்த அகலவிகிதமுள்ள எழுத்துகளின் பரப்பு 25:9 ஆகிவிடுகிறது. பரப்பை 5:3 என வைத்தால் உயரவிகிதம் ஏறத்தாழ 1.3:1 மட்டுமே, சாலையில் செல்வோர் கண்ணுக்கு அது முதன்மையாகவே தோன்றாமற் போகலாம். கர்நாடக விதியிலும் இத்தகைய புதிர் உண்டு. 60 விழுக்காட்டைப் பலகையின் மொத்தப் பரப்பாகக் கொண்டால் அது மேற்பாதிக்குள் அடங்காது. எனவே எழுதப்பட்ட பகுதியின் பங்காகவே அதனைக் கொள்ள நேரிடும். அளவுகோலைத் தேர்வதே ஒரு கோட்பாட்டு முடிவு என்பதை மாணாக்கர் இங்குக் கணக்கிட்டே உணர்வர்.

அடுத்தது எழுத்தின் இயல்பு. பாடநூல்களின் எழுத்துருவியல் விதிகளுட் பல உரோமன் எழுத்தைக் கண்டு வகுக்கப்பட்டவை. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பாகுபாடு தமிழுக்கில்லை; ஆகவே ‘முழுதும் பெரிய எழுத்தில் அமைத்தால் வாசிப்பு மந்தமாகும்’ என்பது போன்ற விதியைத் தமிழின்மேல் ஏற்ற வழியில்லை. தமிழில் மேலே விரியும் இகர ஈகாரக் குறிகளும் கீழே இறங்கும் உகரவடிவங்களும் வரியிடைவெளியை நிர்ணயிக்கின்றன. ‘எலக்ட்ரிக்கல்ஸ்’ போன்ற சொல் உரோமன் வடிவைவிட அகலமாக நீள்வதால், ஓவியர் எழுத்தை நெருக்குகிறார் அல்லது இரண்டு வரியாக மடக்குகிறார். (கணினி வார்ப்புருக்களோ பக்கவாட்டில் நசுக்கிவிடுகின்றன.) எழுத்துவடிவம் இயற்கையன்று, மனிதத் தீர்மானம் என்பதற்கு, 13 எழுத்துகளின் வடிவை மாற்றிய 1978ஆம் ஆண்டின் தமிழக அரசாணையே சான்றாகும்.

இப்பயிற்சி கடைத்தெருவோடு நிற்பதன்று. சிப்காட் தொழிற்சாலைகளில் பல மாநிலத் தொழிலாளர் ஒரே இயந்திரத்தின்முன் நிற்கின்றனர். அங்கு ஓர் எச்சரிக்கைப் பலகையில் எம்மொழி முதலில் கண்ணிற் படுகிறது, எந்தக் குறி சொல்லின்றியே புரிகிறது என்பவை விரலையும் கையையும் காக்கும் வினாக்கள். ஆதலின் ‘படிநிலை என்றால் என்ன?’ என்று வினவும் தேர்வுத்தாளுக்கு மாறாக, அத்தகைய பலகையின் நிழற்படத்தைத் தந்து, அதனை மாற்றியமைத்து ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் எழுதுமாறு கேட்கும் தேர்வுத்தாள் பொருத்தமுடையது.