இணைநிலைக் கணிப்பில் பணிச்சுமைச் சமநிலை: கோட்டுருப் பிரிப்பின் பங்கு

முன்னுரை

தேசிய மீக்கணிப்புத் திட்டத்தின்கீழ், 838 டெராபிளாப்ஸ் திறன் கொண்ட ‘பரம் பொருள்’ மீக்கணினி 2022ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. இத்தகைய கணினியின் திறனில் எவ்வளவு ஆய்வுக்குப் பயன்படும் என்பது, பணியைச் செயலிகளுக்குப் பங்கிடும் முறையைப் பொறுத்ததாகும். அப்பங்கீட்டிற்கு அடிப்படையான கோட்டுருப் பிரிப்பை இக்கட்டுரை விளக்குகிறது.

சுமையும் தொடர்பும்

கொட்டாம்பட்டி வட்டாரக் கண்மாய்களின் வெள்ளப்பெருக்கைக் கணிப்பதாகக் கொள்வோம். நிலப்பரப்பை 16×16 என 256 கட்டங்களாகப் பகுத்தால், ஒவ்வொரு கட்டமும் கோட்டுருவின் ஒரு முனை. பக்கம் பகிரும் இரு கட்டங்களுக்கிடையிலான நீரோட்டத் தொடர்பு ஒரு விளிம்பு. 16 செயலிகளுக்குத் தலா 16 கட்டங்கள் கிடைக்கும். அவற்றை நீள்பட்டைகளாகப் பங்கிட்டால் 240 விளிம்புகள் வெட்டுப்படும். 4×4 சதுரங்களாகப் பங்கிட்டால் 96 மட்டுமே வெட்டுப்படும். கட்டங்களின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றே. ஆயினும், விளிம்பு வெட்டுப்படும் இடங்களில் செயலிகள் தரவைப் பரிமாறிக்கொள்ள வேண்டியிருப்பதால் காலம் செலவாகிறது.

மேலும், நீர் நிறைந்த கண்மாய்க் கட்டத்திற்கு வறண்ட மேட்டுநிலக் கட்டத்தைவிடக் கணக்கீடு மிகுதி. எனவே முனைகளுக்கு எடை அளித்து, எடைகளின் கூட்டுத்தொகையையே சமப்படுத்த வேண்டும். ஒரு செயலி மட்டும் இருமடங்கு காலம் எடுத்தால், ஏனைய பதினைந்தும் பாதிக்காலம் வாளா காத்திருக்கும்.

பிரிக்கும் முறைகள்

மிகச்சிறந்த பிரிப்பைக் காண்பது என்பி-கடினச் சிக்கல் ஆதலின், தோராய முறைகளே கையாளப்படுகின்றன. கெர்னிகான், லின் ஆகியோர் 1970இல் முன்வைத்த முறை, இரு பகுதிகளுக்கிடையே முனைகளை இடமாற்றி வெட்டைக் குறைக்கிறது. ஜார்ஜ் காரிபிஸ், விபின் குமார் ஆகியோர் உருவாக்கிய ‘மெட்டிஸ்’ மென்பொருள் பன்னிலை முறையைப் பின்பற்றுகிறது. அது அண்டை முனைகளை இணைத்துக் கோட்டுருவைச் சுருக்கும். சுருங்கிய கோட்டுருவைப் பிரிக்கும். பின்னர்ப் படிப்படியாக விரித்து எல்லைகளைச் செம்மைப்படுத்தும்.

வரம்புகள்

வெட்டு விளிம்புகளின் எண்ணிக்கை தொடர்புச் செலவின் தோராய அளவே. ஒரு முனையின் பல விளிம்புகள் ஒரே அயற்செயலியைச் சென்றடையினும், அம்முனையின் தரவை ஒருமுறை அனுப்பினால் போதும். வெள்ளம் நகரும்போது எடைகளும் மாறும். அப்போது மறுபிரிப்புத் தேவை. ஆனால் மறுபிரிப்பால் விளையும் ஆதாயம், தரவை இடம்பெயர்க்கும் செலவினும் மிகுதியாக இருத்தல் வேண்டும்.

முடிவுரை

செயலிகளின் எண்ணிக்கையை மட்டும் குறிப்பிடும் ஆய்வேடு தன் கணிப்பின் திறனை நிறுவுவதில்லை. பெருமச் சுமைக்கும் சராசரிச் சுமைக்கும் உள்ள விகிதமும், வெட்டு விளிம்புகளின் அளவும் உடன் தரப்பட வேண்டும். பலர் பகிர்ந்து பயன்படுத்தும் மீக்கணினியில், ஒருவரது பணியில் வாளா நிற்கும் செயலி மற்றோர் ஆய்வாளரின் காத்திருப்பை நீட்டிக்கிறது என்பது இங்குக் கருதத்தக்கது.