கைப்பையில் கிடைத்த மாப்பிள்ளை

பெண்ணுக்கு வரன் பார்க்கும் தாயார் குலம், கோத்திரம், சொத்து எல்லாம் விசாரிப்பாள் அல்லவா? ஆஸ்கார் ஒயில்டின் 'தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னெஸ்ட்' நாடகத்தில் பிராக்னெல் சீமாட்டியும் அப்படித்தான். வந்த வரனோ, ரயில் நிலையத்தில் கைப்பையில் கண்டெடுத்த பிள்ளை!

1895-இல் லண்டனில் அரங்கேறிய இந்த ஹாஸ்ய நாடகத்தை, 1952-இல் ஆண்டனி ஆஸ்க்வித் வர்ணப் படமாக்கினார். சீமாட்டியாக ஈடித் எவன்ஸ். 1939-லேயே மேடையில் இதே வேஷத்தில் பெயர் வாங்கியவர். 'கைப்பை' என்ற சொல்லை அவர் இழுக்கிற இழுப்பில், பிள்ளையாண்டானின் மானம் கப்பலேறிவிடுகிறது!

குறை இல்லையா? உண்டு. கதைப்படி ஜாக்குக்கு வயது 29. நடித்த மைக்கேல் ரெட்கிரேவுக்கோ 40-க்கு மேல். முகம் காட்டிக் கொடுக்கிறது. ஆனாலும், இல்லாத தம்பிக்காகத் துக்க உடையில் அவர் வந்து நிற்கும்போது, அந்த முதிர்ச்சியே சிரிப்பைக் கூட்டுகிறது.

ஜோன் கிரீன்வுட்டின் குரலில் தேனும் உண்டு, ஊசியும் உண்டு. டோரதி டூட்டினோடு அவர் தேநீர் மேஜையில் மோதுவதைப் பாருங்கள். மரியாதை குறையாமல் சண்டை போடும் கலை தெரியும்!

குழந்தையைப் பையில் வைத்துத் தொலைத்த ஆசிரியை மார்கரெட் ரூதர்ஃபோர்ட். பல வருஷம் கழித்துப் பை கிடைத்ததும், அது தன்னுடையதுதானா என்றுதான் முதலில் பார்க்கிறார், துளியும் சிரிக்காமல். நமக்குத்தான் வயிறு வலிக்கிறது!