இருபது கட்டம், ஒரு போர்வை

(இரண்டாமாண்டு மாணவி, ஆடைத் தொழில்நுட்பப் பிரிவு)



மெக்கானிக்கல் பிரிவு அண்ணன்மார்கள் "தையல் கட்டுரையா?" என்று இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதில் உங்கள் பாடமும் வருகிறது. லேத் முன்னால் நின்றுகொண்டு நீங்கள் படிக்கும் டாலரன்ஸ் இருக்கிறதே, அதைத்தான் நாங்கள் ஹாஸ்டல் வராந்தாவில் ஊசியும் நூலும் வைத்துக்கொண்டு படித்தோம்.

நான் சொல்ல வந்தது க்வில்ட் என்கிற ஒட்டுப் போர்வையைப் பற்றி. மேலே ஒரு துணி, அடியில் ஒரு துணி, நடுவில் பஞ்சோ பழைய துணியோ. இந்த மூன்று அடுக்கையும் ஊடுருவி ஓடுகிற தையலுக்குத்தான் க்வில்ட்டிங் என்று பெயர். மேல்துணியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக இணைத்துச் செய்தால் அது பேட்ச் ஒர்க். பலரும் இரண்டையும் ஒன்று என்று நினைக்கிறார்கள். ஒட்டே இல்லாத க்வில்ட்டும் உண்டு, க்வில்ட் ஆகாத ஒட்டு வேலையும் உண்டு. போர்வையில் நமக்குக் கதகதப்பு தருவது அடுக்குகளுக்கு நடுவே அடைபட்டு நிற்கும் காற்று. பஞ்சு அந்தக் காற்றைப் பிடித்து வைக்கிறது, தையல் அந்தப் பஞ்சைப் பிடித்து வைக்கிறது. தையல் போடாமல் விட்டுப் பாருங்கள், நாலு தரம் துவைத்ததும் பஞ்சு பூராவும் ஒரு மூலையில் போய் உருண்டுகொள்ளும். ஆகவே அந்தக் கோடு கோடான தையலை வெறும் அலங்காரம் என்று எண்ணிவிடக் கூடாது.

நம் பக்கத்தில் இதற்குப் பெயர் வைத்து யாரும் கொண்டாடியதில்லை. எங்கள் அம்மிச்சி நைந்துபோன நூல் சேலையை நாலாக மடித்து, ஓரத்திலும் நடுவிலும் ஓட்டுத் தையல் போட்டு, பிறந்த பிள்ளைகளுக்கு விரிப்பார். "புதுத்துணி பிள்ளைக்கு உறுத்தும் கண்ணு" என்பார். பள்ளிக்கூடம் போகாத அவர் சொன்னதற்கு எங்கள் ஃபைபர் பாடத்தில் காரணம் இருக்கிறது. பல வருடம் துவைத்த பருத்தியில் கஞ்சிப் பசை போயிருக்கும், இழை மிருதுவாகியிருக்கும், சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிந்திருக்கும். வங்காளத்தில் இதே பழஞ்சேலை அடுக்குதான் காந்தா. அங்கே சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே தைப்பது பழைய வழக்கம். மராட்டியத்தில் கோதடி, வட கர்நாடகத்தில் கௌதி. எங்கள் குடும்பத்தில் பள்ளியைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். படிக்க வந்த இடத்தில் அம்மிச்சியின் வேலைக்கு இத்தனை பெயர் இருப்பதைப் பார்த்து எனக்கு ஒரே ஆச்சரியம்.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். முதலாண்டு முடிந்ததும் எங்கள் வகுப்பில் ஒருத்தி நின்றுவிட்டாள். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை. ஒரு நூல் மில்லில் ஷிப்டு வேலைக்குப் போய்விட்டாள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் மேல் சிவப்புக் கோடு விழுந்தது. அதன் பிறகுதான் ஹாஸ்டலில் 19 பேர் சேர்ந்து ஒரு போர்வை தைப்போம் என்று பேச்சு வந்தது. ஆளுக்கு ஒரு கட்டம். இருபதாவது கட்டம் அவளுடையது. தகவல் அனுப்பினோம், சரி என்றாள்.

முதலில் துணி. எங்கம்மா பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறார். அங்கே கட்டிங் வேஸ்ட் கிலோக் கணக்கில் கிடைக்கும் என்பதால் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். நான் வேண்டாம் என்றேன். பனியன் துணி பின்னல் துணி. இழுத்தால் நீளும், வெட்டிய ஓரம் சுருண்டுகொள்ளும். அதையும் தறித்துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்தால் ஒன்று இழுக்கும், ஒன்று நிற்கும், போர்வை கோணிக்கொண்டு போகும். பழைய யூனிஃபார்ம் சட்டை, தாவணி, கைலி என்று தறித்துணியாகவே சேர்த்தோம். சேர்த்ததும் எல்லாவற்றையும் ஒரு தரம் நனைத்துக் காயவைப்பது முக்கியம். சுருங்குவது இப்போதே சுருங்கட்டும். சிவப்பு, கருநீலம் இரண்டையும் தனி வாளியில் போடுங்கள். தண்ணீர் தெளியும்வரை அலசாமல் பக்கத்தில் வெள்ளைத் துணி வைக்காதீர்கள்.

வெட்டும்போது நூல் ஓடும் திசையைப் பாருங்கள். பாவு வழியில் துணி அவ்வளவாக நீளாது, ஊடை வழியில் கொஞ்சம் கொடுக்கும். டெய்லர்கள் கிராஸ் என்கிற மூலைவாட்டில் ரப்பர் மாதிரி இழுபடும். கட்டத்தின் வெளி ஓரம் கிராஸில் வந்தால் அந்தக் கட்டம் கையில் எடுக்கும்போதே அளவு மாறும்.

அடுத்தது கணக்கு. ஒவ்வொரு கட்டமும் ஒன்பது சதுரம். ஒவ்வொரு சதுரமும் முடிவில் 4 இஞ்ச். தையலுக்கு நாலு பக்கமும் கால் இஞ்ச் விட வேண்டும் என்பதால் வெட்டு அளவு 4½ இஞ்ச். மூன்று சதுரம் சேர்ந்தால் 12½, மற்றக் கட்டங்களோடு இணைந்தபின் 12. அகலத்தில் 4 கட்டம், நீளத்தில் 5, ஆக 48க்கு 60. சுற்றிலும் 6 இஞ்ச் கரை வைத்தால் 60க்கு 72. ஹாஸ்டல் கட்டிலுக்குத் தாராளம்.

காகிதத்தில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும்! ஒருவர் கால் இஞ்சுக்குப் பதில் ஒரு நூல் கூடப் பிடித்துத் தைக்கிறார் என்று வையுங்கள். நூல் என்றால் நம் ஒர்க் ஷாப் கணக்கில் 1/8 இஞ்ச். அது கூட வேண்டாம், அரை நூல், 1/16 இஞ்ச்தான். ஒரு தையலில் இரண்டு பக்கத் துணியும் போவதால் இழப்பு 1/8. போர்வையின் ஒரு வரிசையில் 12 சதுரம், அதாவது 11 இணைப்பு. மொத்தம் 11/8, கிட்டத்தட்ட ஒன்றரை இஞ்ச் காணாமல் போகும். அடுத்த வரிசையைத் தைத்தவர் சரியாகத் தைத்திருந்தால் இரண்டும் எங்கே சேரும்? தனியாக ஒருவர் போர்வை தைத்தால் இந்தத் தொல்லை அவ்வளவு இல்லை, அவர் தப்பு எங்கும் ஒரே மாதிரி இருக்கும். கூட்டுப் போர்வையில் 20 கை, 20 விதம்.

எங்களுக்கு வந்து சேர்ந்த 20 கட்டங்களை டேப் வைத்து அளந்தோம். 12-லிருந்து 12¾ வரை இருந்தன. சரியாக 12½ வந்தவை 11. மில்லிலிருந்து வந்த கட்டம் அந்தப் பதினொன்றில் ஒன்று. மெஷின் கிடையாது, இரவு ஷிப்டு முடிந்து வந்து கையாலேயே தைத்திருக்கிறாள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன், பென்சிலால் கால் இஞ்ச் கோடு போட்டு அந்தக் கோட்டின் மேலேயே ஊசி போயிருந்தது. மெஷின்காரிகள் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அளவு மாறிய கட்டங்களைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பெரியதை 12½ அட்டை வைத்து நாலு பக்கமும் சமமாக நறுக்கலாம். சிறியதற்குச் சுற்றிலும் ஒரு பட்டி வைத்துத் தைத்து, பிறகு அட்டை வைத்து நறுக்கலாம். போட்டோவுக்குச் சட்டம் போட்ட மாதிரி இருக்கும், யாருக்கும் தெரியாது. முன்கூட்டியே தடுக்க ஒரு சோதனை உண்டு. 1½ இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டி வெட்டித் தையுங்கள். நடுப்பட்டி 1 இஞ்ச், மொத்தம் 3½ வர வேண்டும். வராவிட்டால் மெஷின் தகட்டில் ஊசியிலிருந்து கால் இஞ்ச் தள்ளி ஒரு பிளாஸ்திரி ஒட்டி, அதை உரசியே துணியைத் தள்ளுங்கள். ஊசிக்காலின் ஓரம்தான் கால் இஞ்ச் என்று நம்ப வேண்டாம், மெஷினுக்கு மெஷின் மாறும்.

அளவை மட்டும் கட்டிப்போட்டு, மற்றதை அவரவர் இஷ்டத்துக்கு விடுவதுதான் கூட்டுப் போர்வையின் சூட்சுமம் என்று நினைக்கிறேன். எய்ட்ஸ் நோயில் இறந்தவர்களுக்காக அமெரிக்காவில் செய்த நினைவுப் போர்வை இதற்கு நல்ல சான்று. 1985-ல் சான்பிரான்சிஸ்கோவில் கிளீவ் ஜோன்ஸ் என்பவர் மனதில் உதித்த யோசனை. ஒரு ஆளுக்கு ஒரு துணி, அளவு 3 அடிக்கு 6 அடி. ஏறக்குறைய ஒரு புதைகுழியின் அளவு. எட்டு துணி சேர்ந்தால் 12 அடிச் சதுரம். அந்தத் துணியில் இறந்தவரின் சட்டையைத் தைக்கலாம், பொம்மையைத் தைக்கலாம், பெயரை மட்டும் எழுதலாம். 1987 அக்டோபரில் வாஷிங்டன் நகரத் திடலில் முதன்முதலாக விரித்தபோது 1,920 துணிகள் இருந்தன. ஒருவரை ஒருவர் பார்த்தேயிராத தாய்மாரும் நண்பர்களும் தைத்தவை. 3க்கு 6 என்ற ஒரே ஒரு விதி இல்லாவிட்டால் அவற்றை இணைத்திருக்கவே முடியாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அலபாமா மாநிலத்தில் ஆறு வளைந்து போகும் இடத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஓர் ஊர். அங்குள்ள கறுப்பினப் பெண்கள், அடிமைகளாயிருந்தவர்களின் வழிவந்தவர்கள், வயல் வேலைக்குப் போட்டுக் கிழிந்த பேண்ட், சட்டைகளை வெட்டிப் போர்வை தைத்தார்கள். முட்டிப் பகுதி வெளுத்த பேண்டை வெளுப்போடு அப்படியே வைத்துத் தைப்பார்கள். 1962-ல் அந்த ஊர்க்காரர்கள் ஓட்டுரிமை கேட்கத் தொடங்கிய காலத்தில் ஆற்றைக் கடக்கும் படகு நிறுத்தப்பட்டது. அது மறுபடி ஓடியது 2006-ல். 1966-ல் அந்த வட்டாரப் பெண்கள் ஃப்ரீடம் க்வில்ட்டிங் பீ என்று கூட்டுறவு தொடங்கிக் கடைகளுக்குத் தைத்தார்கள். கடைக்குத் தைக்கும்போது ஒரே டிசைன், ஒரே அளவு. வீட்டுக்குத் தைக்கும்போது அவரவர் கை போன போக்கு. 2002-ல் நியூயார்க் விட்னி மியூசியம் சுவரில் தொங்கவிட்டுக் காட்டியது அந்த வீட்டுப் போர்வைகளைத்தான். 2006-ல் அவற்றின் படம் அமெரிக்க அஞ்சல் தலையிலும் வந்தது. சிலர் இதைச் சொல்லிக் கூட்டுறவு வேலையை மட்டமாகப் பேசுவார்கள். எனக்கு அது சம்மதமில்லை. கடைக்குத் தைத்த வேலைதான் பெண்கள் கைக்குக் கூலியைக் கொண்டுவந்தது. பிசிறு வெட்டும் அம்மாவின் சம்பளத்தில் ஃபீஸ் கட்டுகிற எனக்கு வேறு மாதிரி பேச வராது.

கட்டங்களை இணைத்தபின் மூன்று அடுக்கையும் தரையில் விரித்து, அடித்துணியின் ஓரங்களை டேப் ஒட்டி விறைப்பாக நிறுத்துங்கள். பிறகு பிரித்துவிடுவதற்காக நீள நீளமாக ஒரு தற்காலிகத் தையல் போட்டுக்கொள்ளுங்கள். நிஜத் தையலை நடுவிலிருந்து தொடங்கி வெளியே போங்கள். அப்போதுதான் சுருக்கம் ஓரத்துக்குத் தள்ளப்படும். கர்நாடகத்தில் எல்லாப்பூர், ஹளியால் பக்கம் வாழும் சித்தி இனப் பெண்கள் நேர்மாறாகச் செய்கிறார்கள். அவர்களுடைய கவந்தி ஓரத்தில் ஆரம்பித்து, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து வைத்துத் தைத்துக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவில் வந்து முடிகிறது. ஒட்டுவதும் அடுக்கைத் தைப்பதும் ஒரே வேலை. மூலைக்கு மூலை மடித்த துணியில் பூ வைக்காவிட்டால் அது முடிந்த போர்வை அல்ல. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வாரிசுகள் அவர்கள். அந்த முறையில் கட்டம் சேரவில்லை என்ற பேச்சே எழாது. அடுத்த தடவை அதையும் செய்து பார்க்க ஆசை.

எங்கள் போர்வை முடிய நாலு மாதம் ஆயிற்று. மாதம் ஒருத்தி கட்டில் என்று முறை வைத்திருக்கிறோம். முதல் மாதம் மில் ஹாஸ்டலுக்குப் போய் வந்தது. வரும்போது ஒரு மூலையில் கரை பிரிந்த இடத்தை அவளே தைத்து அனுப்பியிருந்தாள். துவைக்கும்போது முறுக்கிப் பிழிய வேண்டாம், நிழலில் இரண்டு கொடிகளுக்குக் குறுக்கே பரப்பிப் போடுங்கள். அடுத்த போர்வைக்குக் கட்டம் தர விரும்புகிறவர்கள், அண்ணன்மார்கள் உட்பட, தறித்துணியில் 12½ இஞ்ச் வெட்டித் தாருங்கள். அளவு அட்டை எங்கள் வகுப்பு அலமாரிக் கதவின் உட்புறம் ஆணியில் தொங்குகிறது.