ஒழுகும் குழாய்

விநாடிக்கொரு துளி வீழின் ஒரு நாளில் 86,400 துளிகள் வீணாகும். கோடையில் தொட்டி நீரே இல்லத்திற்கு உயிராதலின், அன்னையார் தடுத்தும் கேளாது, ஒழுகும் குழாயை நாமே செப்பனிடத் துணிந்தோம்.

திருகுக் குழாயின் அமைப்பு யாது? பிடியைத் திருகுங்கால் உள்ளிருக்கும் தண்டு கீழிறங்கி, அதன் அடியிலுள்ள ரப்பர் வாஷரைப் பித்தளை விளிம்பின்மேல் அழுத்தி நீர்வழியை அடைக்கும். வாஷர் தேயின் நீர் கசியும். கசிவு கண்டு நாம் மேலும் இறுக்குவோம்; அவ்விறுக்கமே வாஷரைப் பின்னும் சிதைக்கும்.

தொட்டியின் வால்வை மூடாது குழாயின் தலையைக் கழற்றினோம், நீர் பீறிட்டது, வால்வை மூடுமுன் தொட்டியிற் பாதி வடிந்தது. புதிய வாஷர் இட்டோம்; துளி நிற்கவில்லை. மற்றொன்றும் இட்டோம், அதுவும் பயனின்றாயிற்று. நம் கர்வமும் வடிந்தது.

மறுநாள் வந்த குழாய்த் தொழிலாளி வாஷரை நோக்காது, அஃது அமரும் விளிம்பை விரலால் தடவினார். ஆங்கே சிறு வடு! தேய்க்குங் கருவியால் அதனைச் சமனாக்கி வாஷரைப் பொருத்தியதும் ஒழுகுதல் நின்றது.

ஆதலின் நண்பர்காள், முதலில் வால்வை மூடுக, வாஷரோடு விளிம்பையும் ஆராய்க, மென்மையாகத் திருகுக. பிழை உறையுமிடம் அறியாத கைவலிமை பிழையையே வளர்க்கும்.