பழைய மெட்டும் மின்சாரக் கிதாரும்

ராக் இசைக்குழுக்கள் பழைய சினிமாப் பாடல்களை எடுத்து, டிரம்ஸை முழக்கி, மின்சாரக் கிதாரை அலறவிட்டுப் புதிய வடிவில் பாடக் கேட்கும்போது, மூத்த ரசிகர்கள் முகம் சுளித்து, நல்ல பாட்டைக் கெடுத்துவிட்டார்களே என்று அங்கலாய்ப்பதும், இளைஞர்கள் அதையே அதற்கு முன் உலகம் காணாத புதுமையென்று கொண்டாடுவதும் இக்காலத்தில் சகஜமாகிவிட்டன. இவ்விரு கட்சியாரும் தேனியில் பஸ் ஏறி, உத்தமபாளையம், கோம்பை வழியாகப் போய், மேற்கு மலைத்தொடரின் அடியிலுள்ள பண்ணைப்புரம் என்ற சிற்றூரின் சரித்திரத்தைச் சற்று விசாரித்து வந்தால், ஒரு தரப்பாரின் கோபமும் மறுதரப்பாரின் கர்வமும் ஓரளவு தணியும் என்பது என் அபிப்பிராயம்.

அவ்வூர்க்காரரான பாவலர் வரதராஜன், கம்யூனிஸ்டுக் கட்சி மேடைகளில் ஆர்மோனியத்தை முன்னால் வைத்துக்கொண்டு, ஜனங்களின் நாவில் ஏற்கெனவே புரண்டுகொண்டிருந்த நாட்டுப்புற மெட்டுகளிலும் சினிமா மெட்டுகளிலும் கூலியையும் விலைவாசியையும் பற்றிய புதிய சாகித்தியத்தை ஏற்றிப் பாடியவர். 1958இல், மலைக்கு அப்பாலுள்ள தேவிகுளத்தில் இடைத்தேர்தல் வந்து, ரோசம்மா புன்னூஸ் கம்யூனிஸ்டு வேட்பாளராக நின்றபோது, தேயிலைத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர் மத்தியில் பாவலரின் பாட்டு பெரும் பிரசாரமாக அமைந்தது; ரோசம்மா வெற்றியும் பெற்றார். தெரிந்த மெட்டாதலால் முதல் அடி முடிவதற்குள் கூட்டமும் கூடவே பாடத் தொடங்கிவிடும். மெட்டைப் பழக்கும் வேலை மிச்சம். விஷயம் நேரே மனசில் போய் உட்காரும். பழைய பாட்டுக்குப் புதிய வடிவம் என்கிற தொழில் கம்பம் பள்ளத்தாக்கில் நடந்த விதம் இது.

பாவலரின் பாட்டுக் குழுவில் சிறுவனாக இருந்து வாசித்துப் பழகிய தம்பிதான், 1943இல் பிறந்த இளையராஜா. சென்னைக்குச் சென்று தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய சங்கீதத்தை முறையாகப் பயின்று, ஜி.கே. வெங்கடேஷுக்கு உதவியாளராயிருந்து, சலில் சௌத்ரி போன்றோரின் ஒலிப்பதிவுகளில் கிதார் வாசித்து (சலில் சௌத்ரியும் இடதுசாரி மேடைகளுக்காக மெட்டமைத்து வளர்ந்தவர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்), 1976இல் ‘அன்னக்கிளி’ மூலம் இசையமைப்பாளராக அவர் வெளிப்பட்டபோது, அண்ணன் செய்த காரியத்தை அவர் தலைகீழாகச் செய்தார் என்றே சொல்ல வேண்டும். அண்ணன் மெட்டை வைத்துக்கொண்டு சொல்லை மாற்றினார். தம்பியோ கிராமத்து மெட்டின் சுபாவத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கு அடியில் ஓடும் வாத்தியங்களை மாற்றினார்.

அடியில் ஓடும் வாத்தியம் என்று நான் குறிப்பிடுவது முக்கியமாக பேஸ் கிதாரை. வேறு பலருடைய பாடல்களில் சுருதிக்குக் காவல் நிற்பதோடு திருப்தியடைந்துவிடும் அந்த வாத்தியம், இளையராஜாவின் பாடல்களில் பாடகரின் குரலுக்குப் பதில் சொல்லிக்கொண்டும், சில இடங்களில் குரல் ஏறும்போது தான் இறங்கியும், தனக்கென்று ஒரு மெட்டை வைத்துக்கொண்டு நடக்கிறது. சின்னமனூரிலும் போடியிலும் கோயில் திருவிழாக்களுக்கு வாசிக்கும் இன்னிசைக் குழுக்களில், பேஸ் கிதார்காரரைத் தனியே அழைக்கக் கட்டுப்படியாகாதபோது கீபோர்டுக்காரரே இடது கையால் அந்த வேலையைப் பார்க்கப் புகுந்து, சரணத்திற்கு வந்ததும் விரல் தடுமாறுவதைக் கவனித்தால், அந்த ரகசியம் ஒருவாறு புலப்படும். பாட்டைக் கேட்பவருக்கு மிக எளிமையாகத் தோன்றியது, வாசிப்பவருக்கு அப்படி இருப்பதில்லை. ஆகவே, இப்பாடல்களுக்கு ராக் வேகத்தைத் தாங்கள்தான் வெளியிலிருந்து கொண்டுவந்து ஊட்டுவதாக எண்ணும் குழுவினர், உள்ளே ஏற்கெனவே இருப்பதைச் செவிகொடுத்துக் கேட்கவில்லை என்றே பொருள்.

கடல் கடந்தவர்களும் இதைக் கேட்டிருக்கிறார்கள். ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ (1985) படப் பாட்டொன்றின் துணுக்கை அமெரிக்காவின் பிளாக் ஐட் பீஸ் குழுவினர் 2003இல் தங்கள் இசைத்தட்டில் சேர்த்துக்கொண்டனர். ‘தளபதி’யின் ‘காட்டுக்குயிலு’ பாட்டை, ஈழத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த லண்டன் பாடகி எம்.ஐ.ஏ. 2007இல் எடுத்தாண்டார். இன்னொரு தொடர்பு இதைவிடச் சுவையானது. 1969இல் டீப் பர்ப்பிள் என்ற ராக் குழு, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு ஒரே மேடையில் அமர்ந்து, ராக் வாத்தியங்களும் சிம்பொனி வாத்தியங்களும் சேர்ந்து வாசிக்க முடியுமென்று காட்டியது. அதே ராயல் பில்ஹார்மோனிக்கைச் சேர்ந்த இசைக்குழுதான் 2025 மார்ச் 8ஆம் தேதி, அதே லண்டனில், பண்ணைப்புரத்துக்காரரின் சிம்பொனியை அரங்கேற்றியது.

பழைய பாட்டை இப்படி எடுத்தாளும்போது எழும் உரிமை விவகாரத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் அதில் சங்கீதம் குறைவு. இளையராஜாவின் நூறாவது படமான ‘மூடுபனி’யில் (1980) யேசுதாஸ் பாடிய ‘என் இனிய பொன் நிலாவே’ கிதாரை நம்பியே பிறந்த பாட்டு. சாகித்தியம் தம்பி கங்கை அமரனுடையது. அண்மையில் ஒரு படத்திற்காக மகன் யுவன் சங்கர் ராஜா அதற்குப் புதிய வடிவம் தந்தபோது, தயாரிப்பாளர் இளையராஜாவிடம் உரிமை பெற்றிருந்தும், 2025 ஜனவரியில் தில்லி உயர் நீதிமன்றம் அந்த உரிமை முதல் நோக்கில் சரிகம நிறுவனத்துக்கே உரியது என்று கருதி, 30 லட்ச ரூபாயை நீதிமன்றத்தில் கட்டும்படி பணித்தது. மெட்டு அண்ணனுடையது, சொல் தம்பியுடையது, புதிய வடிவம் மகனுடையது. பத்திரம் மட்டும் வேறிடத்தில்! சட்டத்தை நான் குறைகூறவில்லை. புதிய வடிவம் செய்யப் புகுவோர் யாரிடம் கேட்க வேண்டுமென்பதை முன்னதாகவே விசாரித்துக்கொள்வது நலம் என்கிறேன்.

ராக் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. இப்பாடல்களை எடுத்தாளுமுன், குரலை மறந்துவிட்டு பேஸ் கிதாரை மட்டும் ஒரு முறை முழுவதும் பின்தொடர்ந்து கேளுங்கள். பிறகு நீங்கள் எதை மாற்றினாலும் அதற்கொரு நியாயம் இருக்கும். மேடையில் இசையமைப்பாளரின் பெயரைச் சொல்லும்போது, ‘இளைய நிலா’வுக்குக் கிதார் வாசித்த ஆர். சந்திரசேகர், பேஸ் கிதார் சசிதரன், டிரம்ஸ் புருஷோத்தமன் ஆகியோரின் பெயர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.