கிரியோனின் வீழ்ச்சி

கிரேக்க நாட்டு நாடகப் புலவர்களுள் தலைசிறந்தோர் வரிசையில் வைத்து எண்ணப்பெறுபவர் சோபக்ளீஸ். அவர் இயற்றியவற்றுள் இன்று முழுமையாகக் கிடைப்பன ஏழு நாடகங்களே. அவற்றுள் ஒன்று அந்திகோனி என்பது. அது கி.மு. 441ஆம் ஆண்டை ஒட்டி ஏதென்சு நகரில் நடிக்கப்பெற்றது என்பர். அந்நாடகம் ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கி நிற்பினும், தீபஸ் நகர மன்னன் கிரியோனின் வீழ்ச்சியே அதன் முடிவாக அமைந்துள்ளது.

கிரியோன் தொடக்கத்தில் கொடியவன் அல்லன். தீபஸ் நகரின் அரசுரிமை குறித்து உடன்பிறந்தார் இருவர் பொருது, ஒருவரையொருவர் கொன்று மாய்ந்தனர். அவருள் எட்டியோக்ளிஸ் நகரைக் காத்து நின்றவன்; பாலினிசஸ் அயல்நாட்டுப் படையுடன் வந்து அதனைத் தாக்கியவன். அவர்கட்கு மாமனாகிய கிரியோன் அரியணை ஏறினான். காத்தவனுக்கும் தாக்கியவனுக்கும் ஒரே சிறப்பளித்தல் முறையன்று என அவன் எண்ணியதில் வியப்பில்லை. ஆகவே, பாலினிசசின் உடலை எவரும் அடக்கம் செய்தல் கூடாது என்றும், செய்வோர் கொல்லப்படுவர் என்றும் ஆணையிட்டான். இறந்தவர்க்கு மண்ணிடாது விடுதல் தெய்வக் குற்றம் என்பது கிரேக்கர் கொள்கை. ஆதலின், இறந்தோரின் உடன்பிறந்தாளாகிய அந்திகோனி, ஆணையை மீறி உடல்மீது மண்ணைத் தூவினாள். பிடிபட்டபோது தன் செயலை மறைத்தாளும் இல்லை. அவளை உயிரோடு மலைக்குகையில் அடைக்குமாறு மன்னன் கட்டளையிட்டான்.

தன்னை மறுத்தோர் கூறிய சொல்லைக் கிரியோன் எடைபோட்டு நோக்கினானில்லை. சொன்னவர் யார் என்பதையே நோக்கினான். அந்திகோனி தெய்வநெறியை எடுத்துரைத்தாள். பெண்ணுக்குப் பணிவதோ என்றான். அவளை மணக்கவிருந்த அவன் மகன் ஹீமோன் முதலில் மென்மையாகவே பேசினான். வெள்ளத்தில் வளைந்துகொடுக்கும் மரம் பிழைப்பதையும், எதிர்த்து நிற்பது வேரொடு சாய்வதையும் சுட்டினான். நகர மாந்தர் அப்பெண்ணுக்காக மறைவில் வருந்துவதையும் கூறினான். இளைஞனிடம் அறிவு கற்பதோ என்றான் மன்னன். பின்னர்க் கண்ணிழந்த முதியவராகிய தைரீசியஸ் என்னும் நிமித்திகர் வந்தார். பறவைகளும் நாய்களும் கொணர்ந்த பிணத்தசையால் பலிபீடங்கள் மாசுற்றன என்று எச்சரித்தார். அவர் பெண்ணும் அல்லர், இளைஞரும் அல்லர், அவர் வாக்குப் பொய்த்ததும் இல்லை. எனவே, பொருளுக்கு விலைபோனவர் என்று பழித்தான். பழிப்பதற்கு ஏதேனும் ஒன்று வேண்டுமன்றோ!

இதற்கு ஈடாக உன் மகவின் உயிர் போகும் என்று அவர் சினந்துரைத்து அகன்ற பின்னரே மன்னன் நடுங்கினான். முதலில் பெண்ணை விடுவித்து, அதன்பின் இறந்தவனை அடக்கம் செய்யுமாறு முதியோர் கூறினர். கிரியோனோ முறையை மாற்றினான். பாலினிசசின் உடலை எரித்து, மண்மேடு எழுப்பிய பின்னரே குகைக்கு விரைந்தான். அதற்குள் அந்திகோனி தன்னுயிரைப் போக்கிக்கொண்டாள். ஹீமோன் தந்தைமேல் வாளை ஓங்கினான். குறி தவறவே, அவ்வாளுக்குத் தானே இரையானான். செய்தி கேட்ட அரசி யூரிடிசியும் கணவனைப் பழித்து உயிர் துறந்தாள்.

கிரியோன் சாகவில்லை. சாவு விரைந்து வருக என வேண்டினான்; அதுவும் வரவில்லை. எவர் சொல்லுக்கும் செவிசாயாத அம்மன்னன், தன்னை அப்பால் அழைத்துச் செல்லுமாறு ஏவலரை இரந்து நின்றான்.