கைலாசபுரத்தில் மறுபடியும் சைக்கிள் ஆசை! 45 வயதில் 'ரேஸ் சைக்கிள்' வாங்கப் போகிறவர்களே, உஷார்!!

திருச்சி:

"சின்ன வயசுல ரெண்டு கையையும் விட்டுட்டு ஓட்டினவன் சார் நான்!"

இப்படிச் சொல்லிக்கொண்டு சைக்கிள் கடைக்குள் நுழைகிறவரா நீங்கள்? கொஞ்சம் நில்லுங்கள். கையில் பணம் இருக்கும்போதே இதைப் படித்து விடுங்கள்.

சைக்கிள் ஓட்டுவது மறக்காது. அது வாஸ்தவம். ஆனால் அன்றைக்கு நீங்கள் மிதித்தது 20 கிலோ எடையுள்ள கறுப்பு சைக்கிள். இன்றைக்குக் கடைக்காரர் உருட்டிக்கொண்டு வருவது 10 கிலோ ரேஸ் சைக்கிள். கடையில் அதற்குப் பெயர் 'ரோடு பைக்'. (பெட்ரோல் எங்கே போடுவது என்று கேட்டு விடாதீர்கள்!) இரண்டுக்கும் சக்கரம் இரண்டுதான். மற்றபடி அது வேறு, இது வேறு.

பழைய கதை

கைலாசபுரம் 'பெல்' குடியிருப்பு சைக்கிளால் வளர்ந்த ஊர். 1965-ல் கொதிகலன் ஆலை தொடங்கிய பிறகு, ஷிப்டுக்குப் போனவர்களில் எத்தனையோ பேருக்கு சைக்கிள்தான் வண்டி. ஹெர்குலிஸ், பிலிப்ஸ், அட்லஸ், ஹீரோ. கேரியரில் டிபன் பாக்ஸ். ராத்திரி விளக்கு இல்லாமல் போனாலும், டபுள்ஸ் போனாலும் போலீஸ்காரர் பிடித்துக் காற்றைப் பிடுங்கி விடுவார். உருட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்!

1980-ல் டி.வி.எஸ். 50 வந்தது. பிறகு ஸ்கூட்டர், பிறகு பைக், பிறகு கார். சைக்கிள் மொட்டை மாடிக்குப் போனது. அங்கிருந்து பழைய இரும்புக் கடைக்குப் போனது.

இப்போது அதே வீடுகளில் மறுபடியும் சைக்கிள் பேச்சு. அப்பாவின் சைக்கிளில் 'முன் பாரில்' உட்கார்ந்து பள்ளிக்கூடம் போன பையன்களுக்கு 45 வயது ஆகிவிட்டது. சர்க்கரை, கொழுப்பு, தொப்பை. டாக்டர் "நடங்க, இல்லைன்னா சைக்கிள் மிதிங்க" என்கிறார். டி.ஜி.பி.யாக இருந்த சைலேந்திரபாபு சைக்கிளில் போகும் படத்தைப் பார்த்தவர்களுக்கு ஆசை இன்னும் கூடுகிறது.

2020 ஊரடங்கின்போது இந்த ஆசை நாடு முழுக்கப் பற்றியது. கடைகளில் சில மாடல்களுக்குக் காத்திருக்க வேண்டி வந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே 2020-ல் ஜூன் 3-ந் தேதி, உலக சைக்கிள் தினத்தன்று, உத்தரப்பிரதேசம் சாகிபாபாத்தில் இருந்த அட்லஸ் தொழிற்சாலையில் வேலை நின்று போனது!

அன்று வாங்கிய சைக்கிள்களில் பல இன்று துணி காயப்போடப் பயன்படுகின்றன. ஏன்? ஆசை குறைந்ததால் மட்டும் அல்ல. தப்பான சைக்கிளை வாங்கியதால்!

வயிறு தடுக்கும்

ரேஸ் சைக்கிளின் ஹேண்டில் பார் ஆட்டுக்கடா கொம்பு மாதிரி கீழே வளைந்திருக்கும். பார்க்க ஜோராக இருக்கும். பந்தயத்துக்கென்றே செய்த மாடலில் ஹேண்டில் பார் சீட்டை விடத் தாழ்ந்தே இருக்கும். குனிந்து ஓட்ட வேண்டும். 20 வயதுப் பையனுக்குச் சரி. 25 வருஷம் நாற்காலியில் உட்கார்ந்த முதுகு குனியுமா? தொப்பை தொடையில் இடிக்கும். கழுத்து பிடித்துக்கொள்ளும். உள்ளங்கை மரத்துப் போகும். ஒரு மாதத்தில் சைக்கிள் மாடிக்குப் போய்விடும்.

அதே கொம்பு ஹேண்டிலில், முன்பக்கம் கொஞ்சம் உயர்த்தி, எட்டிப் பிடிக்கும் தூரத்தைக் குறைத்துச் செய்த மாடல்களும் இருக்கின்றன. நெடுந்தூரம் போகிறவர்களுக்காகச் செய்தவை அவை. கடையில் கேட்டால் காட்டுவார்கள். கேட்காவிட்டால் கண்ணாடிக்குள் பளபளக்கும் பந்தய மாடலைத்தான் முதலில் காட்டுவார்கள்!

கொம்பே வேண்டாம் என்றால் நேர் ஹேண்டில் பார் வைத்த, மெலிந்த டயர் சைக்கிள் இருக்கிறது. அதில் ஒரு வெட்கமும் இல்லை. முன்னால் ஸ்பிரிங் வைத்த தடி டயர் வண்டிதான் வேண்டாம். நம்ம தார் ரோட்டில் அது வீண் சுமை. மிதிக்கிற சக்தியில் ஒரு பங்கை ஸ்பிரிங் தின்றுவிடும்.

சட்டை மாதிரி அளவு

பழைய சைக்கிள் வாங்கும்போது யாராவது அளவு பார்த்தோமா? 22 இஞ்ச், 24 இஞ்ச் என்று இரண்டு சைஸ். கால் எட்டினால் போதும். இதில் அப்படி இல்லை. 48, 50, 52, 54, 56 சென்டிமீட்டர் என்று சட்டை மாதிரி சைஸ் உண்டு.

செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு சாய்ந்து நில்லுங்கள். ஒரு தடிப் புத்தகத்தைத் தொடை இடுக்கில் சீட் மாதிரி மேலே தூக்கி வையுங்கள். தரையிலிருந்து புத்தகத்தின் மேல் விளிம்பு வரை அளந்து, அதை 0.67-ஆல் பெருக்குங்கள். 78 சென்டிமீட்டர் வந்தால் 52 சைஸ் சுற்றுவட்டாரம். இது கைகாட்டி மரம்தான். கடைசி முடிவு ஏறி உட்கார்ந்து பார்ப்பதில் இருக்கிறது. 56 சைஸ்தான் கடையில் நிற்கிறது, "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார்" என்று சொன்னால் நம்பாதீர்கள். சீட்டை இறக்கலாம். பிரேமை வெட்ட முடியுமா?

சீட் உயரத்துக்கு ஒரு சுலப வழி. குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் கீழே வரும்போது கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கும். அதுதான் சரி. தரையில் இரண்டு காலும் ஊன்றுகிற மாதிரி சீட்டைத் தாழ்த்தி ஓட்டினால் முழங்கால் வலி நிச்சயம்.

டயரில்தான் உயிர்

ரேஸ் சைக்கிள் என்றால் 23 மில்லிமீட்டர், 25 மில்லிமீட்டர் டயர் என்று ஒரு காலத்தில் எழுதாத சட்டம். விரல் பருமன்தான் இருக்கும். 90 பவுண்டு காற்று வேண்டும். மழை விட்ட மறுநாள் நம்ம ஊர்ப் பள்ளத்தில் அதை இறக்கிப் பாருங்கள். டியூப் ரிம்முக்கும் பள்ளத்துக்கும் நடுவில் நசுங்கும். பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும்! தண்டவாளம், சாக்கடை மூடி இடுக்கு எதிலும் சக்கரம் சிக்கலாம்.

32 மில்லிமீட்டர் டயர் போடுங்கள். காற்று 60 பவுண்டு சுற்று போதும். ஆள் எடைக்கு ஏற்பக் கொஞ்சம் கூட்டலாம், குறைக்கலாம். வேகம் போய்விடுமே என்று கவலை வேண்டாம். கரடுமுரடான ரோட்டில் தட்டித் தட்டிக் குதிக்கிற மெல்லிய டயரை விட இது சுகமாக ஓடும். பந்தயக்காரர்களே இப்போது 28-க்கு மாறிவிட்டார்கள்.

ஆனால் எல்லா சைக்கிளிலும் 32 நுழையாது. ரிம்மைப் பிடிக்கும் சின்ன பிரேக் உள்ள மாடல்களில் பெரும்பாலும் 25, மிஞ்சிப் போனால் 28. டிஸ்க் பிரேக் மாடலில் இடம் தாராளம். ஆகவே வாங்கும்போது கலரைப் பார்க்காதீர்கள். "இதுல 32 டயர் ஏறுமா?" என்று கேளுங்கள். அடுத்த கேள்வி, "கேரியர், மட்கார்டு மாட்ட ஓட்டை இருக்கா?" டிபன் பாக்ஸை முதுகில் கட்டிக்கொண்டு எத்தனை நாள் போவீர்கள்?

ஆடிக் காற்று

"திருச்சி சமவெளி, இங்கே எதுக்கு சார் கியர்?" இதுவும் அடிக்கடி வரும் கேள்வி.

கேட்கிறவர் ஆடி மாதத்தில் கைலாசபுரத்திலிருந்து டவுனுக்கு மிதித்ததில்லை என்று அர்த்தம்! பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று நேரே முகத்தில் அடிக்கும். அம்மியே பறக்கும் காற்று என்பார்கள். அது ஒரு மலை ஏறுவதற்குச் சமம். சாயங்காலம் திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளிவிடும், அது வேறு விஷயம்.

முன்னால் 34 பல், பின்னால் 28 பல் போட்டால் ஒரு மிதிக்குச் சக்கரம் ஒன்றேகால் சுற்றுக்கும் குறைவாகச் சுற்றும். லேசு. 50-க்கு 11 போட்டால் நாலரைச் சுற்று. பலம் வேண்டும். நமக்கு வேண்டியது லேசான பக்கம். பின்னால் 32 பல் வரை கிடைத்தால் இன்னும் நல்லது. எட்டு கியரா, பதினொரு கியரா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். எட்டே தாராளம். செயினும் மலிவு.

பழைய பழக்கத்தில் கனத்த கியரைப் போட்டு ஏறி ஏறி மிதிக்காதீர்கள். நிமிஷத்துக்கு 70, 80 சுற்று வருகிற மாதிரி லேசாகச் சுற்றினால் முழங்கால் பிழைக்கும்.

ரோடு எங்கே?

சைக்கிள் சரி. ஓட்ட இடம்?

குடியிருப்புக்குள் மரநிழல், அகலமான ரோடு. பயம் இல்லை. கேட்டைத் தாண்டி தஞ்சாவூர் ரோட்டில் கால் வைத்தால் வேறு உலகம். நாலு வழிச் சாலையில் பஸ்சும் லாரியும் பறக்கும். எதிர்த்திசையில் வரும் இரண்டு சக்கர வண்டிகள் வேறு. பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை அணுகுசாலை வேண்டும் என்று ஜனங்கள் மனு, போராட்டம், கோர்ட்டு என்று பல வருஷமாக அலைந்தார்கள். லட்ச ரூபாய் சைக்கிள் வாங்கினாலும் அந்த ரோட்டில் லாரிக்கு அது தெரியாது. சிவப்பு விளக்கு பின்னால் கண் சிமிட்டினால் தெரியும். தலையில் ஹெல்மெட் இல்லாமல் அந்தப் பக்கம் போகவே கூடாது. கடைக்காரர் இரண்டையும் வண்டியோடு சேர்த்துத் தருவதில்லை. தனிச் செலவு.

அந்தச் செலவுக்கு ஒரு வழி இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வரி போடுமுன் 40 ஆயிரம் ரூபாய் வண்டி என்றால் 2,800 ரூபாய் மிச்சம். ஹெல்மெட்டும் விளக்கும் அதிலேயே வந்துவிடும்.

முதல் மாதம் குடியிருப்பை விட்டு வெளியே வராமல் சுற்றுங்கள். அடுத்து, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் திருவெறும்பூர் வழியாகக் கல்லணைப் பக்கம் போகலாம். நெஞ்சு வலி, பிரஷர் உள்ளவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏறுங்கள்.

திருடன் கண்

இது போலீஸ் பக்கம் எழுதுகிறவனுக்குத் தெரிந்த விஷயம். பல ரேஸ் சைக்கிள்களில் முன் சக்கரத்தைக் கழற்ற ஸ்பேனர் வேண்டாம். ஒரு சின்னக் கைப்பிடியைத் திருப்பினால் கையோடு வந்துவிடும். பஞ்சர் ஒட்டுவதற்குச் செய்த வசதி, திருடனுக்கும் வசதி! பூட்டுச் சங்கிலி பிரேம், சக்கரம் இரண்டையும் சேர்த்து ஒரு கம்பத்தில் சுற்றுகிற நீளம் இருக்கட்டும்.

பெடல் அச்சுக்கு அடியில் பிரேமில் ஒரு நம்பர் குத்தியிருக்கும். வண்டியைக் கவிழ்த்து அதை எழுதி வையுங்கள், போட்டோவும் எடுங்கள். "சிவப்பு சைக்கிள் சார்" என்று மட்டும் ஸ்டேஷனில் புகார் கொடுத்தால், பிடிபட்ட பத்து சிவப்பு சைக்கிளில் உங்களுடையது எது? பழைய வண்டி வாங்குகிறவர்களும் அந்த நம்பரைப் பில்லோடு ஒத்துப் பாருங்கள். ஊரடங்கில் வாங்கிய வண்டிகள் நல்ல விலைக்கு வருகின்றன. ஆனால் நம்பர் சுரண்டப்பட்டிருந்தால் தொடவே தொடாதீர்கள். பிரேமில் வெடிப்பு, முன் போர்க்கில் வளைவு இருந்தாலும் வேண்டாம்.

கடைசியாக ஒரு சின்னச் சாமான். இந்த சைக்கிள்களில் பலவற்றுக்கு ஊசி மாதிரி மெல்லிய வால்வு. ரோட்டோர பஞ்சர் கடைப் பம்பு அதில் ஏறாது. நடு ரோட்டில் காற்று இறங்கினால் கடைக்காரரும் நீங்களும் முகத்தை முகம் பார்க்க வேண்டியதுதான். வால்வுத் தலையில் திருகுகிற பித்தளைத் துண்டு ஒன்று சைக்கிள் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். அதைத் திருகினால் மோட்டார் சைக்கிள் டியூபுக்கு அடிக்கிற எந்தப் பம்பிலும் காற்று அடிக்கலாம். இரண்டாக வாங்குங்கள். ஒன்று வண்டியில், ஒன்று சாவிக் கொத்தில்.